வேலைய விட்டுட்டு கண்ணாடி கழுவுற தொழில்: மட்டக்களப்பில எங்கயிருந்து தொடங்கிறது?

கல்லடி_வாசி:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு தனியார் நிறுவனத்தில 8 வருசம் வேலை. இந்த மாசம் முடிய விலகுறன், கடிதம் குடுத்தாச்சு. மறுகா செய்ய நினைச்சிருக்கிறது கடைக் கண்ணாடி, கந்தோர் யன்னல் கழுவுற வேலை. தொடக்கத்தில நான் ஒருத்தன்தான். கையில ரெண்டு இலட்சம் இருக்கு, பைக் இருக்கு, வீட்டில கிணறு இருக்கு.

ஒரு பிரஷர் வோஷரும், தண்ணி ஏறுற 30 அடித் தடியும் வாங்கலாமெண்டு இருக்கிறன். அது சரியா, இல்ல முதல்ல வேற சாமான் வேணுமா? கிணத்துத் தண்ணி இந்த வேலைக்குச் சரிவருமா? விலைய சதுர அடிக்குச் சொல்றதா, யன்னலுக்குச் சொல்றதா? டவுனுக்குள்ளயே நிக்கிறதா, காத்தான்குடி, கல்முனை, பாசிக்குடா எண்டு போறதா? தொழில் பதிவு, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசு பற்றித் தெரிஞ்சவங்களும் சொல்லுங்க.

ஈரச்சீலை:

தம்பி, பிரஷர் வோஷர் வேணாம். அது மதிலுக்கும் கொங்கிறீற் தரைக்கும் நல்லது. அலுமினிய சிலைடிங் யன்னலுக்கு அடிச்சீங்களெண்டா கீழ்த் தண்டவாளத்தால தண்ணி வீட்டுக்குள்ள ஏறும், ஓரத்துச் சிலிக்கன் கிளம்பும். சரி, அழுக்காவது போகுமா எண்டா அதுவும் இல்ல. கண்ணாடியில ஒட்டியிருக்கிற எண்ணெய்ப் படலம் உரசினாத்தான் போகும், தண்ணிய அடிச்சாப் போகாது. நீட்டுத் தடியும் இப்ப வேணாம், ஏனெண்டு தண்ணியப் பற்றி எழுதுறவங்க சொல்லுவாங்க.

வேண்டிய முதல் சாமான் ஸ்குவீஜி, கண்ணாடியில இருக்கிற தண்ணிய வழிச்செடுக்கிற றப்பர் வைச்ச கருவி. இங்க கடையில கேட்டா நிலத்துத் தண்ணி தள்ளுற வைப்பரத்தான் தூக்கித் தருவாங்க. அது நுரை றப்பர், கண்ணாடிக்கு உதவாது. உங்கர், எட்டோரே, புல்லெக்ஸ் மாதிரி ஒரு பெயர் பார்த்து கொழும்பிலயோ இணையத்திலயோ எடுப்பியுங்க. 14 அங்குலம் ஒண்டு, 18 அங்குலம் ஒண்டு காணும். சின்னச் சதுரக் கண்ணாடி வைச்ச பழைய பலகை யன்னல்களுக்கு 6 அங்குலத்தில ஒண்டு. றப்பர் மட்டும் தனியா ஒரு டசின் எடுங்க. மெதுவானது, கடினமானது எண்டு ரெண்டு வகை வரும். எங்கட சூட்டுக்குக் கடினமானதுதான். றப்பர் அதைப் பிடிக்கிற அலுமினியத் தகட்டை விட ரெண்டு பக்கமும் ஒரு 3 மில்லிமீற்றர் வெளியில நிக்க வேணும். சமமா வெட்டினா கண்ணாடி ஓரத்தில தண்ணிக் கோடு விடும், தகட்டின் மூலை சட்டத்தையும் கீறும்.

அடுத்தது நனைக்கிற கட்டை, டி வடிவத்தில பஞ்சுறை போட்டது, 14 அங்குலம். உறை ரெண்டு வேணும், ஒண்டு தோய்ச்சுக் காயேக்க மற்றது. வாளிக்குக் காசு செலவழிக்க வேணாம். 20 லீற்றர் பெயின்ற் வாளிய வடிவாக் கழுவினாச் சரி, 14 அங்குலக் கட்டையச் சரிச்சா உள்ள இறங்கும். 4 அங்குல ஸ்கிரேப்பர், ஒரு பெட்டி பிளேட். மைக்ரோஃபைபர் துணி பத்து. அதோட பழைய பருத்திச் சாரத்தை (லுங்கி) கிழிச்சு வைச்சுக்கொள்ளுங்க. இருபது முப்பது தரம் தோய்ச்ச சாரம் பஞ்சு விடாது, ஓரம் துடைக்க அதுக்கு மிஞ்சினது இல்ல. புதுத் துணி பஞ்சு விடும். வாசனைத் திரவம் போட்டுத் தோய்ச்ச துணி கண்ணாடியில பூசின மாதிரி இழுக்கும். ரெண்டு துண்டா நீளுற 8 அடித் தடி ஒண்டு, 6 அடி ஏ வடிவ ஏணி ஒண்டு. இவ்வளவும் பைக்கில போகும்.

சவர்க்காரம்: 10 லீற்றர் தண்ணிக்கு கோப்பை கழுவுற திரவம் ஒரு தேக்கரண்டி. அவ்வளவுதான். நுரை கண்டாத்தான் சுத்தமெண்டு நினைச்சு மூடியால ஊத்துறவங்கட கண்ணாடியில, காலை வெயில் சரிவா விழேக்க வெள்ளைப் புகை மாதிரித் தெரியும்.

செய்யிற முறை. காத்தில மணல் இருக்கிற இடமெண்டா சட்டத்தையும் கண்ணாடியையும் முதல்ல தண்ணி விட்டு அலசுங்க. மறுகா கட்டையால மேலிருந்து கீழா, ஓரங்களில அழுத்தி, முழுக்க நனையுங்க. காஞ்ச துணியால மேல் ஓரத்தில ஒரு அங்குலப் பட்டி காய வைச்சுட்டு, றப்பர அந்தக் காஞ்ச பட்டியில வைச்சுத் தொடங்குங்க. ஈரத்தில வைச்சுத் தொடங்கினா முதல் இழுவையிலயே கோடு விழும். ஒவ்வொரு இழுவையும் முந்தின இழுவையில ரெண்டு அங்குலம் ஏறி வரட்டும். இழுத்து முடிய முடிய றப்பரைச் சாரத்தில ஒத்துங்க. கடைசியா நாலு ஓரத்தையும் யன்னலின் கீழ்த் தட்டையும் துடையுங்க.

கோடு விழுந்தா எங்க பிழையெண்டு கோட்டைப் பார்த்தே சொல்லலாம். மெல்லிசா, நேரா, எல்லா இழுவையிலயும் ஒரே இடத்தில வந்தா றப்பரில வெட்டு. கழற்றித் திருப்பிப் போடுங்க, மற்றப் பக்கமும் போனா வீசுங்க. அகலமா மங்கல் எண்டா சவர்க்காரம் கூட, இல்லாட்டி உறை ஊத்தை. றப்பர் துள்ளித் துள்ளி வந்தா கண்ணாடி சுடுது, இல்லாட்டி சவர்க்காரம் காணாது.

சூட்டைப் பற்றி ஒண்டு. மட்டக்களப்பிலிருந்து காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று எண்டு போற ஏ4 வீதி கரையோடயே, கிட்டத்தட்ட வடக்கு தெற்கா ஓடுது. அதால கடல் பக்கத்துக் கடைகளின் முகப்பு மேற்கையும், வாவிப் பக்கத்து, வயல் பக்கத்துக் கடைகள் கிழக்கையும் பார்க்கும். காலமை கடல் பக்க வரிசை நிழல், பின்னேரம் எதிர் வரிசை நிழல். வேலைய அப்படியே பிரிச்சு வைச்சீங்களெண்டா வெயில் விழுற கண்ணாடிய ஒரு நாளும் தொட வேண்டி வராது.

மூக்குக்கண்ணாடி:

எல்லாம் சரி, இங்க ஆர் இதுக்குக் காசு குடுக்கிறது? கடையில நிக்கிற பொடியன் விடிய பழைய பேப்பரும் ஷாம்பூவும் வைச்சுத் தேய்ச்சுவிடுவான். சம்பளத்தோட சேர்ந்த வேலை அது. கொழும்பில பார்த்திட்டு வந்து இங்க தொடங்கி மூடின ஆக்களும் இருக்கிறாங்க.

உப்பங்காத்து:

தண்ணிக் கேள்விக்கு வாறன்.

முதல்ல ஒரு டிடிஎஸ் மீற்றர் வாங்குங்க. பேனை அளவுச் சாமான், பெரிய விலை இல்ல. தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பை பிபிஎம் கணக்கில, அதாவது பத்து இலட்சத்தில எத்தனை பங்கெண்டு காட்டும். கரையோர மணல் கிணறுகளில வாசிப்பு ஒரு வளவுக்கும் பக்கத்து வளவுக்குமே மாறும், மாரியில குறைஞ்சு ஆவணி புரட்டாதியில ஏறும். அதால ஆற்றையும் பேச்சைக் கேக்காம உங்கட கிணத்தை நீங்களே அளந்து பாருங்க. உன்னிச்சைக் குளத்திலிருந்து வாற குழாய்த் தண்ணியையும் பக்கத்தில வைச்சு அளந்தா எதை வாளிக்கு எடுக்கிறதெண்டு தெரிஞ்சிடும்.

ஸ்குவீஜியால செய்யிறவருக்கு உப்பு அவ்வளவு பிரச்சினை இல்ல. தண்ணி கண்ணாடியில காயிறதில்ல, றப்பர் வழிச்செடுத்திடும். இரும்புக் கறை தண்ணியா மட்டும் இருக்கக் கூடாது. வாளியில ஒரு இரவு வைச்சா அடியில செம்மஞ்சள் மண்டி நிண்டால் அந்தக் கிணறு வேணாம்.

தடி வேலை அப்படியில்ல. அதில தண்ணி கண்ணாடியிலயே காயவிடுறது. தண்ணியில என்ன இருந்ததோ அது புள்ளியா நிக்கும். 10 பிபிஎம்முக்குக் கீழ இருக்க வேணும், பூச்சியம் எண்டா நல்லது. அதுக்குத்தான் தண்ணியில இருக்கிற உப்பைப் பிடிக்கிற ரெசின் உருளை. கணக்கைப் பாருங்க: ஒரு லீற்றர் கலப்பு ரெசின் சுமார் 25 கிராம் உப்பைத்தான் பிடிக்கும். 500 பிபிஎம் எண்டால் ஒரு லீற்றர் தண்ணியில அரைக் கிராம். அப்ப 50 லீற்றரோட அந்த ரெசின் முடிஞ்சுது. தடி நிமிசத்துக்கு ஒண்டு ஒண்டரை லீற்றர் குடிக்கும், முப்பத்தஞ்சு ஐம்பது நிமிச வேலை. முன்னுக்கு ஒரு ஆர்.ஓ. வடி (தண்ணிய அழுத்தி மெல்லிய சவ்வால வடிக்கிறது) போட்டு 95 வீதத்தைக் கழிச்சா 25 பிபிஎம்தான் ரெசினுக்குப் போகும், அதே ஒரு லீற்றர் ரெசின் 1000 லீற்றருக்கு வரும். ஆனா ஆர்.ஓ., பம்பு, தாங்கி எண்டு போகேக்க உங்கட ரெண்டு இலட்சம் அங்கேயே கரைஞ்சிடும், பைக்கிலயும் ஏத்தேலாது. ரெண்டாம் மூண்டாம் மாடி ஒப்பந்தம் ரெண்டு மூண்டு நிலையாக் கிடைச்ச பொறகு யோசியுங்க.

இடைக்கால வழி ஒண்டு இருக்கு. ஏசியிலிருந்து சொட்டுற தண்ணி காத்தில இருந்த ஈரம்தான், உப்பு மிகக் குறைவு. பெரிய கந்தோர்களில ஒரு நாளைக்கு வாளிக் கணக்கில வீணாப் போகுது. துணியால வடிச்சு, மீற்றரால பார்த்துட்டு எடுங்க. ஏசிய அமிலம் போட்டுக் கழுவின நாள்த் தண்ணிய மட்டும் தொட வேணாம். மாரி மழைத் தண்ணியும் அப்படித்தான். கூரையால வாற முதல் கால் மணித்தியாலத் தண்ணிய விட்டுட்டுப் பிடிச்சா நல்ல வாசிப்பு வரும். கடலுக்குக் கிட்ட இருக்கிற கூரையெண்டா உப்புச் சேர்ந்திருக்கும், அளக்காம நம்ப வேணாம்.

கல்லடி, நாவலடி, பாசிக்குடா மாதிரிக் கடற்கரைக் கண்ணாடியில இருக்கிறது ரெண்டு வகை வெள்ளை. ஒண்டு கடல் உப்பு. அது தண்ணியில கரையும். கையில பிசுபிசுக்கும், ஏனெண்டா உப்பு காத்து ஈரத்தை இழுக்கும், அந்த ஈரத்தில தூசி ஒட்டும். நல்ல தண்ணி தாராளமா விட்டு அலசினாப் போயிடும். காஞ்ச துணியால மட்டும் துடைக்க வேணாம், அதுக்குள்ள மணல் இருக்கு, கீறல் விழும். மற்றது சுண்ணாம்புக் கறை. கிணத்துத் தண்ணி புல்லுக்கு அடிக்கிற ஸ்பிறிங்கிளரால கண்ணாடியில தெறிச்சுத் தெறிச்சுக் காஞ்சது. சவர்க்காரத்துக்கு அசையாது.

சுண்ணாம்புக்கு அமிலம் வேணும். சிட்ரிக் அமிலத் தூள் 50 கிராமை ஒரு லீற்றர் தண்ணியில கரைச்சு, உறையில தோய்ச்சுப் பூசி, காயவிடாம ஐந்து நிமிசம் வைச்சு, வெள்ளை ஸ்பொஞ்சால தேய்ச்சு, நிறையத் தண்ணியால அலசுங்க. கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. ரெண்டு மூண்டு தரம் செய்தும் காஞ்ச பொறகு அதே இடத்தில அதே வெள்ளை நிண்டா கறை கண்ணாடியையே தின்னிட்டுது. அதை மினுக்கத்தான் ஏலும், சீரியம் ஒக்சைட் மாவும் மெசினும் வேணும், அது வேற விலை வேற வேலை. இரும்புக் கறைக்கு ஒக்சாலிக் அமிலம், அது நஞ்சு, பிள்ளைகள் இருக்கிற வீட்டில போத்தலத் திறந்து வைக்க வேணாம்.

கழிப்பறை கழுவுற அமிலத்தைப் பாவிச்சுக் கெடுத்த சட்டங்கள் இந்த ஊரில எத்தனையோ. கண்ணாடிக்கு ஒண்டும் ஆகாது, ஆனா வழிஞ்சு போய் அலுமினியத்தின் நிறத்தைத் தின்னும், கீழ இருக்கிற மாபிளிலும் டெரசோவிலும் பள்ளம் போடும். அதுக்கு மருந்தில்ல, மாத்திக் குடுக்கத்தான் வேணும்.

சாய்ந்தமருது_காக்கா:

அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. மூக்குக்கண்ணாடி கேட்டதுக்குப் பதிலச் சொல்லிட்டு விலைக்கு வாறன்.

பொடியன் துடைக்கிறான்தான். எவ்வளவு உயரத்துக்கு? கை எட்டுற அளவுக்கு. எந்தப் புடவைக்கடை முன்னுக்கும் போய்ப் பாருங்க, ஆறடிக்குக் கீழ ஒரு நிறம், மேல வேற நிறம். லைட் எல்லாம் மேலதான் இருக்கு, ராவையில அந்தப் பழுப்புக்கால எரியும். முதலாளிக்கு அது பழகிப் போச்சு, கண்ணுக்குத் தெரியாது. வாயால விளக்காதீங்க. ஒரு கண்ணாடிய மேலயிருந்து கீழ வரை இலவசமா இழுத்துக் காட்டுங்க, ரெண்டு நிமிசம். பக்கத்துக் கண்ணாடிய அப்படியே விட்டுட்டு மற்றதுக்கு எவ்வளவெண்டு சொல்லுங்க.

ஆரிட்டப் போறது? நகைக்கடை, புடவைக்கடை, ஃபோன் கடை, ஃபார்மசி, மூக்குக்கண்ணாடிக் கடை, பேக்கரி, தனியார் ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம். முதலாளி காசு மேசையில இருக்கிற இடம், அங்கேயே ஓமோ இல்லையோ கிடைக்கும். வங்கிக் கிளைகளில துப்புரவு ஒப்பந்தம் கூடுதலா கொழும்புத் தலைமைக் கந்தோரில முடிவாகிறது, மனேஜர் தேத்தண்ணி குடுத்து அனுப்புவார். அந்த ஒப்பந்தக்காரங்களிட்ட மேல்க் கண்ணாடிக்கு மட்டும் கூலிக்கு நிக்கலாம், ஆனா காசு பிந்தும்.

விலைய சதுர அடியில சொன்னா இங்க ஒருத்தருக்கும் விளங்காது. கணக்கை நீங்க நேரத்தில போடுங்க, விலைய கடைக்கு ஒண்டாச் சொல்லுங்க. காட்டுறதுக்கு ஒரு கணக்கு, எண் உங்கட ஊருக்கு மாறும்: நாலு கண்ணாடியும் கதவும் உள்ள முகப்பு, வெளிப்பக்கம் மட்டும் 15 நிமிசம், உள்ளும் சேர்த்தா 25. சாமான் தூக்கி அடுத்த கடைக்குப் போக ஐஞ்சு. உள்ளும் வெளியும் செய்தா ஆறு மணித்தியாலத்துக்கு 12 கடை. உங்களுக்கு நாளைக்கு 5000 மிஞ்ச வேணும், பெற்றோல், றப்பர், பிளேட், துணி, பழுது எண்டு 1000 போகும். 6000த்தை 12ஆலப் பிரிச்சா கடைக்கு 500. கிழமைக்கு ஒருக்கா வாற கடைக்கு இந்த விலை. மாசம் ஒருக்கா கூப்பிடுறவருக்கு 800, ஊத்தை கூட. முதல் முறைக்கு மூண்டு மடங்கு கேளுங்க, பழைய ஸ்டிக்கர், பெயின்ற், சிலந்தி வலை எல்லாம் அண்டைக்குத்தான் இருக்கு. ஸ்டிக்கர்ப் பசைக்கு மண்ணெண்ணெய் பூசி ஊறவிட்டு எடுத்திட்டு சவர்க்காரத்தால கழுவினாச் சரி.

இந்தக் கணக்கு நிக்கிறது 12 கடையும் ஒரே வீதியில இருந்தாத்தான். டவுனில நாலு, ஆரையம்பதியில மூண்டு, கல்முனையில ஐஞ்சு எண்டு பிடிச்சா உடைஞ்சு போகும். கல்முனை உங்களுக்குக் கிட்டத்தட்ட 40 கிலோமீற்றர். போக வர ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல, அது நாலு கடை. அதால முதல் ஆறு மாசம் புளியந்தீவு, கோட்டைமுனை, கல்லடி, காத்தான்குடி. காத்தான்குடி பிரதான வீதி ஒண்டே உங்களுக்கு ரெண்டு நாள் வேலை. எங்கட பக்கம் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை பூட்டுவாங்க, அண்டைக்கு 12 மணிக்கு முந்தி முடிக்கிற மாதிரிப் போடுங்க. நோன்பு கடைசிப் பத்தில கடைக்காரனுக்குத் தலை சொறியவும் நேரமில்ல, அதுக்கு முந்தின ரெண்டு கிழமையில போய்க் கேளுங்க. சித்திரைப் புத்தாண்டு, தீபாவளிக்கும் இதே முறை.

பாசிக்குடாவும் அறுகம்பையும் கிழமை வேலை இல்ல, சீசன் வேலை. ரெண்டு இடத்திலயும் சித்திரைக்குப் பொறகுதான் கூட்டம். திறக்க முந்தி பங்குனியில போனா ஒரு ஹோட்டலில ரெண்டு மூண்டு நாள் வேலை கிடைக்கும். அதுக்கு நாள்க் கூலி பேசுங்க, தங்கலும் சாப்பாடும் அவங்கட பொறுப்பு.

வீட்டு வேலைக்கு யன்னல் எண்ணிக்கை. எங்கட வீடுகளில உள்ளுக்குக் கிறில், அதுக்கு மேல நுளம்பு வலை. வலை கழற்றிக் கழுவிப் பூட்ட தனி விலை. லூவர் (சாய்ச்சுத் திறக்கிற கண்ணாடித் தகடு அடுக்கின யன்னல்) எண்டா தகடு எண்ணுங்க, ஒரு லூவர் யன்னல் நாலு சாதா யன்னல் நேரத்தைத் தின்னும். வெளிநாட்டில இருக்கிறவங்கட பூட்டின வீடுகள் ஆடி மாமாங்கத் திருவிழாவுக்கு முந்தித் திறபடும், அது நல்ல வேலை.

கார்த்திகை, மார்கழி மழையில வெளி வேலை பாதியாகும். கிழமைக் காசா வாங்காம மாசக் காசா எழுதினா அந்த ரெண்டு மாசமும் தப்பலாம். மழை நாளில உள்பக்கத்தைச் செய்யுங்க.

கணக்குப்பிள்ளை:

காசு பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில் பணிக்கொடை. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்த நிறுவனம், நீங்கள் 5 வருடம் பூர்த்தி செய்தவர் என்றால் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி அது உங்கள் உரிமை. மாதச் சம்பளக்காரருக்குப் பூர்த்தியான ஒவ்வொரு வருடத்திற்கும் அரை மாதச் சம்பளம். 8 வருடத்திற்கு 4 மாதச் சம்பளம். விலகி 30 நாளுக்குள் தர வேண்டும். நீங்களாகவே விலகினாலும் உண்டு.

ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) காசை வேலை விட்டதும் எடுக்கலாம், ஆனால் ஒருமுறை எடுத்தால் அடுத்து 5 வருடம் பொறுக்க வேண்டும். ஈ.பி.எஃப். அப்படியல்ல. ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயது வரை அது உள்ளேயே இருக்கும், வட்டி சேரும். வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30 வீதம் எடுக்கும் திட்டத்திற்கு 10 வருடப் பங்களிப்பு வேண்டும், உங்களுக்கு 8 தான். ஆகவே தொழில் முதலில் அதைச் சேர்க்காமல் கணக்குப் போடுங்கள்.

பதிவு: தனியாள் வியாபாரப் பெயர், உங்கள் பிரதேச செயலகத்தில். கல்லடி என்றால் மண்முனை வடக்கு. படிவத்தை வாங்கி முதலில் கிராம உத்தியோகத்தரிடம் போங்கள். அடையாள அட்டைப் பிரதியும் இட உரிமை காட்டும் ஆவணமும் கையில் இருக்கட்டும். அந்தச் சான்றிதழோடு வங்கியில் தொழில் பெயரில் கணக்குத் திறக்கலாம். ஹோட்டலும் ஆஸ்பத்திரியும் பெரும்பாலும் தொழில் பெயருக்குத்தான் காசோலை எழுதும். இறைவரித் திணைக்களத்தின் டின் (வரி செலுத்துநர் அடையாள) இலக்கமும் எடுத்துவிடுங்கள். வருமான வரி விலக்கு 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 18 இலட்சம், தொடக்கத்தில் வரி வராது, ஆனால் இலக்கம் கேட்பார்கள்.

நிறுவனங்களின் காசு 30 நாள், 45 நாள் என்று இழுபடும். ரெண்டு இலட்சத்தில் சாமானுக்கு 60,000க்கு மேல் போக விடாமல், மூன்று மாத வீட்டுச் செலவைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். விபத்துக் காப்புறுதி ஒன்றும், பிறர் சொத்துக்குச் சேதம் வந்தால் கட்டும் பொதுப் பொறுப்புக் காப்புறுதி ஒன்றும் விலை கேட்டுப் பாருங்கள்.

கல்லடி_வாசி:

எல்லாருக்கும் நன்றி. பிரஷர் வோஷர், தடி ரெண்டையும் விட்டாச்சு. இன்னும் ரெண்டு கேள்வி. புதுசாக் கட்டி முடிச்ச மூண்டு மாடிக் கட்டடம் ஒண்டு கேட்டிருக்கிறாங்க, கண்ணாடி முழுக்க சீமெந்தும் பெயின்ற்றும். எடுக்கலாமா? மற்றது, டவுனில மேல்மாடி யன்னலுக்குப் பக்கத்தால கரண்ட் வயர் போகுது, அதை என்ன செய்யிறது?

ஈரச்சீலை:

முதல் வேலையா அதை எடுக்க வேணாம் தம்பி. கட்டடக் கண்ணாடியில காசு இருக்கு, கீறினா அதை விடப் பெரிய கடன் இருக்கு.

அப்படி எடுத்தாலும் மூலையைப் பாருங்க, முத்திரை மாதிரிச் சின்ன எழுத்து இருந்தா அது டெம்பர்ட், அதாவது சூளையில சூடாக்கி உறுதியாக்கின கண்ணாடி. சில டெம்பர்ட் கண்ணாடிகளில சூளையில பொடிக் கண்ணாடித் துகள் மேற்பரப்பில உருகி ஒட்டியிருக்கும். பிளேட் போட்டா துகள் பிடுங்கிக்கொண்டு பிளேட்டுக்குக் கீழ உருளும், முழங்கை நீளத்துக்குக் கீறல். கீற முந்தித் தெரியணுமெண்டா கண்ணாடிய நனைச்சு ஒரு மூலையில பிளேட்ட லேசாத் தள்ளுங்க. சத்தமில்லாமப் போனா நல்லது. மணல்கடதாசியில போற மாதிரி கரகரத்தா நிப்பாட்டுங்க. முதலாளியக் கூப்பிட்டுக் காட்டி, கீறலுக்குப் பொறுப்பில்லையெண்டு கையெழுத்து வாங்காமத் தொட வேணாம். ஏற்கெனவே இருக்கிற கீறலை எல்லாம் வேலை தொடங்க முந்தி ஃபோனில படமெடுங்க.

பிளேட் ஒரு பக்கம்தான், முன்னுக்குத் தள்ளுறது, தூக்குறது, மறுபடி தள்ளுறது. பின்னுக்கு இழுத்தா பிளேட்டுக்குக் கீழ அகப்பட்ட மணல் கண்ணாடியில எழுதும். எமல்ஷன் பெயின்ற் பத்து நிமிச ஈரத்தில இளகும், எனாமலுக்கு தின்னர். சீமெந்துத் துளியை உப்பங்காத்து சொன்ன சிட்ரிக் கரைசலால ஊறவிட்டுத்தான் எடுக்க வேணும், காய்ஞ்சதைச் சுரண்டினா அது கண்ணாடியோட வரும். மாசக்கணக்கில இருந்த சீமெந்து எடுத்த பொறகும் அடையாளம் நிக்கும், சுண்ணாம்பின் காரம் கண்ணாடியத் தின்னது. அதை விலை சொல்லேக்கயே சொல்லிடுங்க.

வெயில் மறைக்கிற கறுப்பு ஃபிலிம் ஒட்டின பக்கத்தில பிளேட் வேணவே வேணாம். புதுசா ஒட்டினதெண்டா ஒரு மாசத்துக்குத் தண்ணியும் வேணாம்.

உப்பங்காத்து:

வயர் விசயம். அலுமினிய ஏணி, அலுமினியத் தடி, காபன் ஃபைபர் தடி மூண்டிலயும் கரண்ட் பாயும். ஃபைபர் கிளாஸ் பாயாது, ஆனா அது நனைஞ்சு ஊத்தையா இருந்தா அதையும் நம்பேலாது. வயரிலிருந்து மூண்டு மீற்றருக்குள்ள தடி நுனி போற யன்னல உள்ளிருந்து செய்யுங்க, இல்லாட்டி வேணாமெண்டு விடுங்க. 33,000 வோல்ட் கம்பி தொட வேண்டியதில்ல, கிட்டப் போனாலே பாயும். கடைக்காரருக்கு அந்த யன்னல் கட்டாயம் வேணுமெண்டா, அவரே மின்சாரக் கந்தோருக்கு எழுதி லைன் நிப்பாட்டிற நாளில கூப்பிடட்டும்.

ஏணி சாய்க்கேக்க நாலடி உயரத்துக்கு ஒரு அடி வெளியில. கடை வாசல் டைல்ஸ்ல உங்கட வாளித் தண்ணியே வழிஞ்சு ஏணிக் காலுக்குக் கீழ போகும், அதைத் துடைச்சுட்டு ஏறுங்க. ஒரு ஆள் ஏணி பிடிக்காம ஒரு மாடிக்கு மேல ஏற வேணாம், அந்த ஆளின் கூலியையும் விலையில போடுங்க.

கல்லடி_வாசி:

சரி, கட்டடத்தை விடுறன். காத்தான்குடியில முதல்ல கடல் பக்க வரிசையைக் காலமை பிடிக்கிறன். கடை 9 மணிக்குத்தான் திறக்கிறாங்க, ஷட்டர் போட்டிருக்கே?

சாய்ந்தமருது_காக்கா:

பேக்கரி, ஃபார்மசி, தேத்தண்ணிக்கடை காலமை 7க்கே திறந்திரிக்கும், அதுகள முதல்ல முடிங்க. புடவைக்கடையில பொடியன் 8:30க்கு வந்து கூட்டத் தொடங்குவான், அவனோட சேர்ந்து ஷட்டரைத் தூக்கச் சொல்லி முதலாளியிட்ட முதல் நாளே கேட்டு வைச்சுக்கொள்ளுங்க. ஷட்டர்த் தூசி தூக்கேக்க முழுக்க கண்ணாடியில கொட்டும். அதால தூக்கி ஐஞ்சு நிமிசம் விட்டுத்தான் நனைக்கிறது.